அச்சின் வலு யாருடையது?

இந்தியத் தத்துவ மரபில் புகழ்பெற்ற தேர்கள் இரண்டு. கட உபநிடதத்தில் வருவது ஒன்று: உடல் தேர், புத்தி பாகன், மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், உள்ளே அமர்ந்து செல்பவன் ஆன்மா. மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் வருவது இன்னொன்று. சாகல நகரை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரிடம் நாகசேனர் என்ற பிக்கு கேட்கிறார்: நீங்கள் ஏறிவந்த தேர் எது? ஏர்க்காலா, அச்சா, சக்கரங்களா, மேல்தட்டா, நுகத்தடியா, கடிவாளக் கயிறா, தாற்றுக்கோலா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்கிறான் அரசன். எல்லாம் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே வேறொன்றா என்றால் அதுவும் இல்லை. இந்த உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் தேர் என்று கடைசியில் அவனே சொல்கிறான். மனிதன் என்பதும் அப்படி ஒரு பெயர்தான் என்று நாகசேனர் முடிக்கிறார். முதல் தேரில் பயணி இருக்கிறான், அச்சைப் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாம் தேரில் அச்சின் பெயர் வருகிறது, ஆனால் ‘இல்லை’ என்ற ஒரே சொல்லில் அதைக் கடந்துவிடுகிறார்கள். அந்த அச்சைக் கழற்றிவிட்டு அதைவிட வலுவான ஒன்றைப் பூட்டினால் என்ன ஆகும் என்று இரு நூல்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும். ஒரு பொருள் என்பது அதன் உறுப்புகள்தானா, உறுப்புகளுக்கு மேல் முழுமை என்று ஒன்று உண்டா என்ற நெடுநாள் வழக்கில், உறுப்பு தன்னளவில் என்ன என்பதை விட அது தன் அண்டையில் இருப்பவற்றுக்கு என்ன செய்கிறது என்பதை யாரும் போதுமான அளவு விசாரிக்கவில்லை. உறுப்பின் வலு உறுப்புக்குள் குடியிருப்பதில்லை, மற்ற உறுப்புகளோடு அதற்குள்ள உறவில்தான் இருக்கிறது என்பது என் வாதம். அதற்குச் சான்று பழைய வண்டிகளுக்குப் பின்அச்சு மாற்றும் பட்டறை வேலை.

அமெரிக்காவில் இந்த வேலை பரவலாக நடக்கிறது. 1984 முதல் 2001 வரை அங்கே விற்ற ஜீப் செரோக்கியின் எக்ஸ்ஜே தலைமுறையை எடுத்துக்கொள்வோம். தனிச் சேஸிஸ் கிடையாது. உடற்கூடே சேஸிஸாகவும் நிற்கும் வண்டி அது. பின்பக்கம் கமான்பட்டை. பல வண்டிகளில் பின்னால் டானா 35 என்ற அச்சு வந்தது. அதன் கிரவுன் வீல் ஏறத்தாழ 7.6 அங்குல விட்டம், உள்ளே சுழலும் ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில் 27 பல். ஏறத்தாழ 28 அங்குல உயரமுள்ள டயரில் தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓட அது போதும். அந்த அளவில் அதைப் பலவீனமான அச்சு என்று சொல்ல யாருக்கும் காரணம் இருந்திருக்காது. பாறை ஏறும் ஆசையில் உரிமையாளர்கள் வண்டியைத் தூக்கி 33 அங்குல டயர் போட்டபோதுதான் அதற்குப் பலவீனமான அச்சு என்ற பெயர் வந்தது. இரும்பில் எதுவும் மாறவில்லை, நெம்புகோலின் நீளம்தான் மாறியது. டயரின் விளிம்பு பாறையைக் கவ்வும்போது எழும் எதிர்விசை, சக்கரத்தின் ஆரத்தின் வழியாக ஷாஃப்ட்டை முறுக்குகிறது. 28 அங்குலம் 33 ஆனால், அதே பிடிமானத்துக்கு முறுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடிவிடுகிறது. நேற்றுவரை போதுமானதாக இருந்த ஒன்று இன்று போதாததாகிவிட்டது. அதற்குள் எந்த மாற்றமும் நிகழாமலே அதன் தன்மை மாறியிருக்கிறது என்றால், அந்தத் தன்மை அதற்குள் இருந்ததில்லை என்றுதான் பொருள்.

மாற்றாகப் பலர் தேடிப்போவது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சு. பழைய வண்டி உடைக்கும் இடங்களில் எளிதில் கிடைக்கும். ஷாஃப்ட்டில் 31 பல். 1995க்குப் பிந்தைய வண்டிகளில் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வரும். சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளும் ஜீப்பில் உள்ள அதே நாலரை அங்குல வட்டத்தில் இருக்கின்றன, அகலமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. இவ்வளவு பொருத்தம் இருந்தும் அப்படியே தூக்கி மாட்ட முடியாது. எக்ஸ்ப்ளோரரின் கமான்பட்டை உட்கார்ந்த இடம் வேறு. அந்த இருக்கைகளை வெட்டி எடுத்து, ஜீப்பின் பட்டைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்து, அந்த இடத்தில் புது இருக்கைகளை வைக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இருக்கைகளை உடனே முழுதாக வெல்டிங் செய்துவிடக் கூடாது. இரண்டு மூன்று இடத்தில் புள்ளி வைத்துப் பிடிக்கும்படி செய்துவிட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியை அதன் முழு எடையோடு சக்கரங்களில் உட்காரவிட வேண்டும். பட்டை தணிந்து நிலைக்கு வந்த பிறகு, பினியனின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்கிறது, கியர்பெட்டியிலிருந்து வரும் சுழல்தண்டோடு அது எப்படி இணைகிறது என்று அளந்து, தேவையான அளவு திருப்பி, அப்புறம்தான் இறுதி வெல்டிங். அச்சைத் தரையில் கிடத்தி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தக் கோணம் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கோணம் அச்சுடையது மட்டுமே அல்ல. வண்டியின் எடை, பட்டையின் வளைவு, சுழல்தண்டின் நீளம் ஆகிய மூன்றும் கூடித் தீர்மானிப்பது அது. வெல்டர் தன் கையால் செய்கிற இந்தக் காத்திருப்பில், ஏடுகளில் நூற்றாண்டுகளாக நடந்த ஒரு வாதத்துக்குப் பதில் இருக்கிறது.

அந்த வாதத்துக்குத் திரும்புவோம். தேர் வெறும் பெயர் என்ற நாகசேனரின் முடிவை மேலோட்டமாகப் படித்தால், தேர்தான் பொய், அச்சும் சக்கரமும் மெய் என்று தோன்றும். பௌத்த மரபு அங்கே நிற்கவில்லை. அச்சையும் பிரிக்கலாம், பிரித்துக்கொண்டே போனால் கணத்துக்குக் கணம் எழுந்து மறையும் தருமங்கள்தாம் மிஞ்சும் என்றார்கள் அபிதம்மவாதிகள். அந்தத் தருமங்களுக்கும் சொந்த இயல்பு இல்லை என்றது நாகார்ஜுனர் வழி. 7ஆம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி மத்தியமகாவதாரத்தில் தேரை ஏழு வகையில் தேடிப் பார்க்கிறார்: உறுப்புகளுக்கு வேறாக, உறுப்புகளாகவே, உறுப்புகளை உடையதாக, உறுப்புகளுக்குள், தனக்குள் உறுப்புகளைக் கொண்டதாக, வெறும் கூட்டமாக, வடிவமாக. ஏழிலும் அகப்படவில்லை என்கிறார். இது மாபெரும் தேடல்தான், ஆனாலும் தேடல் பெரும்பாலும் தேருக்கும் அதன் உறுப்புகளுக்கும் இடையே மேலும் கீழுமாகவே நடக்கிறது. அச்சு மாற்றும் பட்டறை காட்டுவது பக்கவாட்டில் ஓடும் சார்பு. அச்சு தன் அணுக்களைச் சார்ந்திருப்பது உண்மைதான். அதைவிட உடனடியாக, டயரையும் பட்டையையும் சுழல்தண்டையும் முன்அச்சையும் சார்ந்திருக்கிறது. கீழே தோண்டினால் வெறுமை கிடைக்கலாம். பக்கத்தில் பார்த்தால் கிடைப்பது கடமை. ஒவ்வொரு உறுப்பும் மற்றொன்றுக்குக் கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை அடைக்கும் அளவுதான் அதன் வலு.

சான்றை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். உருண்டைத் தண்டு ஒன்று முறுக்கைத் தாங்கும் திறன் அதன் விட்டத்தின் மூன்றாம் படியில் ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே சற்றே தடித்த ஷாஃப்ட் பெரிய நிம்மதி தருகிறது. இது அச்சின் சொந்த வலு இல்லையா என்று கேட்கலாம். தண்டுக்கு ஒரு எண் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண் வலுவா பலவீனமா என்று தண்டு சொல்லாது. பழைய ஷாஃப்ட் முறிந்துகொண்டிருந்தவரை அதற்கு முன்னால் உள்ள யூ ஜாயின்ட் காப்பாற்றப்பட்டது. விசை எல்லை மீறும்போது ஷாஃப்ட் முதலில் விட்டுக்கொடுத்தது. ஷாஃப்ட்டைத் தடிமனாக்கியதும் அந்த விசை யூ ஜாயின்ட்டைத் தேடிப் போகிறது, அதை மாற்றினால், விசையை முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேடிப் போகிறது. எக்ஸ்ப்ளோரர் அச்சிலேயே இன்னொன்று உண்டு: அதன் இருபுறக் குழாய்கள் நடுவிலுள்ள வார்ப்பு உறைக்குள் அழுத்திச் செருகப்பட்டவை. கடும் வேலைக்குப் போகும் வண்டியில் ஷாஃப்ட்டுகள் தாங்கிக்கொண்டாலும் குழாய் உறைக்குள் திரும்பிவிடலாம் என்பதால், பலர் அந்த இணைப்பைச் சுற்றி வெல்டிங் வைக்கிறார்கள். பலவீனம் ஒழிந்ததாக ஒரு கட்டமும் வருவதில்லை. அது வீடு மாறுகிறது. பற்சக்கர விகிதமும் இதையே சொல்கிறது. புதிய பின்அச்சு 4.10 விகிதத்தில் இருந்து, முன்னால் பழைய 3.55 விகித அச்சு அப்படியே இருந்தால், இரு சக்கர ஓட்டத்தில் குறை தெரியாது. நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பூட்டிய கணத்தில் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழலத் துடிக்கும், நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நெருக்கப்படும். இரண்டு நல்ல அச்சுகள் சேர்ந்து ஒரு கெட்ட வண்டியை உண்டாக்குகின்றன. குறை எந்த அச்சில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

நியாய தரிசனத்தார் இங்கே கைநீட்டுவார்கள். அவர்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவர்கள் அல்லர். உறுப்புகளுக்கு மேல் முழுமை என்று ஒன்று மெய்யாகவே உண்டு என்பது அவர்கள் கட்சி. நியாய சூத்திரம் தரும் காரணங்களில் ஒன்று, பிடித்தலும் இழுத்தலும். ஒரு பொருளின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் வருகிறது. வெறும் அணுக்கூட்டமாக இருந்தால் கையில் பட்ட பகுதி மட்டும்தானே வர வேண்டும்? சேற்றில் சிக்கிய வண்டியின் கொக்கியில் கயிற்றை மாட்டி இழுக்கும் எவருக்கும் இந்த வாதத்தின் சுவை தெரியும். கொக்கியை இழுத்தால் வண்டி வருகிறது. ஆனால் எப்போதும் வருவதில்லை. இழுக்கும் விசை அளவு மீறினால் கொக்கி மட்டும் பிய்ந்துகொண்டு வரும், வண்டி சேற்றிலேயே கிடக்கும். அந்தக் கணத்தில் முழுமை எங்கே போயிற்று? ஒரு குறிப்பிட்ட எடைவரை முழுமையாக இருந்துவிட்டு அதைத் தாண்டியதும் முழுமையை இழக்கும் பொருளை, உறுப்புகளுக்கு மேலான தனிப் பொருள் என்று சொல்வது கடினம். இழுத்தால் முழுதும் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு இணைப்பும் அடுத்ததன் சுமையை வாங்கிக்கொண்டதுதான். முழுமை என்று அவர்கள் கண்டது பொய் இல்லை. அதை ஒரு பொருளாகக் கண்டார்கள், நான் அதை ஓர் ஏற்பாடாகக் காண்கிறேன். ஏற்பாட்டுக்கு எல்லை உண்டு, எல்லையை மீறினால் கலையும், மீண்டும் செய்துகொள்ளவும் முடியும்.

நியாய வைசேஷிகத்துக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஓர் உறுப்பு போனாலும் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கிறது என்பது அவர்களே வகுத்த விதி. அப்படிப் பார்த்தால் ஒரு போல்ட்டை மாற்றினாலும் வண்டி புதிது, அச்சை மாற்றினாலும் புதிது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்து எழுப்பிய புதிரும், அதைப் புளூடார்க் பதிவு செய்ததும், 1655இல் தாமஸ் ஹாப்ஸ் கழற்றிய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று அதை முறுக்கியதும் பலருக்குத் தெரிந்தவை. அந்தப் புதிரில் எத்தனை பலகை மாறியது என்பதே கேள்வியாக இருக்கிறது. பழுதான பலகையின் இடத்தில் வரும் புதிய பலகை அதே வேலையை அதே அளவில் செய்வதாக வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் எண்ணிக்கையைத் தவிர வேறு கேள்வி எழ இடமில்லை. வலுவான அச்சைப் பூட்டும்போது மாறுவது ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்று மற்ற எல்லாவற்றின் வேலையையும் திருத்தி எழுதுகிறது. பின்னால் டிஸ்க் பிரேக் வந்துவிட்டதால், டிரம்முக்காக அளவிடப்பட்ட பிரேக் அழுத்தப் பங்கீட்டைப் பார்த்தாக வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் பொருந்தாது. சுழல்தண்டின் முனை வட்டத் தட்டோடு சேர வேறு இணைப்பு வேண்டும். அதனால், அதே வண்டிதானா என்ற கேள்விக்கு என் பதில் இது: இரும்பு எவ்வளவு மாறியது என்று எண்ணாதீர்கள், கடமைகள் எவ்வளவு திருத்தப்பட்டன என்று பாருங்கள். பத்து உறுப்பு மாறியும் யார் எதைத் தாங்குவது என்ற ஏற்பாடு மாறாவிட்டால் அதே வண்டி. ஒன்று மட்டும் மாறி ஏற்பாடு குலைந்துவிட்டால், அது இன்னும் வண்டியே ஆகவில்லை. ஆவதற்கு வேலை மிச்சமிருக்கிறது.

சட்டம் இதைவிட எளிதாக முடித்துவிடுகிறதே என்று ஒருவர் சொல்லலாம். அமெரிக்காவில் 1981 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் உண்டு. அச்சு மாறினாலும் எண் மாறாது, எண் மாறாததால் வண்டி அதே வண்டி. திருட்டுக்கும் வரிக்கும் விபத்து வழக்குக்கும் அப்படி ஓர் அடையாளம் தேவைதான். ஆனால் அதே சட்டம், சுமை பற்றிப் பேச வரும்போது வேறு மொழியில் பேசுகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், வண்டியின் மொத்த எடை வரம்போடு முன்அச்சுக்கு இவ்வளவு, பின்அச்சுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்புகளும் இருக்கும். அச்சின் வரம்பு என்றதும் இரும்புக் குழாயின் வரம்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சட்டத்தின் வரையறை அப்படி இல்லை: டயர் தரையைத் தொடும் இடத்தில் அளக்கப்படும், அச்சு அமைப்பு முழுவதின் தாங்கும் திறன் அது. டயர், ரிம், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் அதில் அடக்கம். இவற்றில் எது குறைவாகத் தாங்குகிறதோ அதை மீறி அந்த எண் போக முடியாது. தத்துவம் அறியாத ஒரு வரையறை, அச்சின் வலு அச்சில் இல்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்குக் கிடைத்த சான்றுகளில் இதையே ஆக வலியதாகக் கருதுகிறேன்.

உறவில்தான் வலு என்றால், நல்ல அச்சு கெட்ட அச்சு என்ற வேறுபாடே அழிந்துவிடாதா? அழியாது. உறவை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பதில் ஓர் அச்சு இன்னொன்றைவிட மேலானதாக இருக்க முடியும். டானா 35இன் பெரும்பாலான வகைகளும் எக்ஸ்ப்ளோரர் அச்சும் செமி ஃபுளோட்டிங் வகை. அவற்றில் ஒரே ஷாஃப்ட் இரண்டு வேலை செய்கிறது: சக்கரத்தைத் திருப்புகிறது, வண்டியின் எடையையும் தாங்குகிறது. அதன் உள்முனையில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் சி வடிவில் ஒரு சிறு கொக்கி, அது நழுவாதபடி டிஃபரன்ஷியலின் குறுக்குத் தண்டு காவல். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் அந்தக் கொக்கி உள்பாதியைத்தான் பிடித்திருக்கும். வெளிப்பாதி சக்கரத்தோடு குழாயை விட்டு வெளியே நகரத் தொடங்கும். கனரக லாரிகளில் உள்ள ஃபுல் ஃபுளோட்டிங் அச்சு வேறு மாதிரி. பெரிய பிக்கப்புகளில் வரும் டானா 60, ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் அச்சு ஆகியவை இந்த வகையில் கிடைக்கின்றன. அங்கே ஹப் இரண்டு பேரிங்குகளோடு அச்சுக் குழாயின் முனையிலேயே உட்காருகிறது. எடை முழுதும் குழாய்க்குப் போய்விடும். ஷாஃப்ட் திருப்பும் வேலையை மட்டும் செய்கிறது. வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றுகொண்டிருக்கும்போதே, ஹப்பின் முகப்பிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவி எடுத்துவிடலாம்; வண்டி ஓர் அங்குலம்கூடச் சாயாது. தாங்குவது வேறு, இயக்குவது வேறு என்று பிரித்துக் கொடுத்ததால் வந்த உறுதி இது. இரும்பின் அளவு கூடியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாமல் இருப்பதற்கு முதற்காரணம் கடமையைப் பங்கிட்ட முறை.

இதுவரை பேசியது வண்டியைப் பற்றி. கட உபநிடதத்தின் தரப்பிலிருந்தும் சைவ சித்தாந்தத்தின் தரப்பிலிருந்தும் எழும் மறுப்பு இதைவிட ஆழமானது. வண்டி தானாக அச்சை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் இருக்கிறார். ‘என் வண்டி’ என்று சொல்பவர் வண்டிக்கு வேறானவர். மெய்கண்டாரின் சிவஞானபோதம், ‘என் உடல்’ என்று சொல்கிற ஒன்று உடலுக்கு வேறாக இருந்தாக வேண்டும் என்று வாதிடுகிறது. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். தேரில் பயணி இல்லை என்று காட்ட தேரைப் பிரித்துப் பார்ப்பது பயன்படாது என்ற அளவில் இந்த மறுப்பு சரியென்றே நினைக்கிறேன். அச்சை ஆராய்ந்து ஆன்மா உண்டு என்றோ இல்லை என்றோ நிறுவ முடியாது. நாகசேனர் தேரிலிருந்து மனிதனுக்குத் தாவிய இடத்தில் அச்சு அவருக்குத் துணை வராது. ஆனால் பயணி வேறானவர் என்பதால் அவர் சுமைக் கணக்குக்கு வெளியே நிற்கிறார் என்று ஆகிவிடாது. டானா 35ஐ முறித்தது 33 அங்குல டயர், அந்த டயரைப் போட்டது அவருடைய விருப்பம். வலுவான அச்சு வந்த பிறகு அவர் முன்பு திரும்பிவந்த பாறையில் ஏறிப் பார்க்கிறார். வண்டியின் புதிய எல்லை அவருடைய புதிய ஆசையாகிவிடுகிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும் என்று சித்தாந்தமே சொல்கிறது. வேறாக இருப்பவரும் சார்ந்திருக்கிறார். அப்படியானால் அவரையும் சேர்த்துத்தான் அந்த ஏற்பாட்டை எண்ண வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் எண்ண வேண்டியவர் அவரே.

தமிழ் மரபு அச்சு முறிவதைப் பற்றி இரண்டு இடங்களில் பேசியிருப்பது இங்கே பொருந்துகிறது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிற்பீலி ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். அவ்வளவு மெல்லிய பண்டமும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்கிறார். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒரு செயலில் இறங்குமுன் செயலின் வலுவையும் தன் வலுவையும் எதிரியின் வலுவையும் துணையாக வருபவரின் வலுவையும் எடைபோடச் சொல்கிறார். தன் வலுவை மட்டும் தனியே அறிந்துவிடலாம் என்று அவர் நம்பவில்லை. மற்றது அச்சிறுபாக்கத்துத் தலபுராணம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குத் தேவர்கள் தேர் சமைத்தார்கள். சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரமன் பாகன். விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் அந்தத் தேரின் அச்சு முறிந்தது, வணங்கிய பிறகே தேர் நகர்ந்தது. முதல் வணக்கம் விநாயகருக்கு என்பதே பக்தர்கள் இதில் காணும் பொருள், அதை நான் குறைக்கவில்லை. அதோடு இன்னொன்றும் தெரிகிறது. அந்த அச்சுக்கு வலு போதவில்லை என்று கதை சொல்லவே இல்லை. ஈரேழு உலகமும் கூடிச் செய்த தேர் அது. சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒருவரை விட்டுவிட்டார்கள், அதனால் முறிந்தது.

கடைசியாக ஒரு மறுப்பு. வலு எதற்கும் சொந்தமில்லை, எல்லாம் உறவு என்று சொல்லிவிட்டால் பொறுப்பும் எவருக்கும் சொந்தமில்லாமல் போய்விடாதா? அச்சு முறிந்தால் டயரைக் கைகாட்டலாம், டயர் பாறையைக் கைகாட்டலாம். பௌத்தத்தின் அனாத்ம வாதத்தின் மீதும் இதே குற்றச்சாட்டு தொடக்கத்திலிருந்தே இருக்கிறது: செய்தவன் இல்லையென்றால் வினையை யார் அனுபவிப்பது? நடைமுறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. அச்சின் வலு அச்சுக்குள்ளேயே இருப்பதாக நம்புகிறவர்தான், வலுவான அச்சைப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்; பிரேக்கையும் விகிதத்தையும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவர் கணக்கில் அவை வேறு பொருள்கள். உறவில்தான் வலு என்று அறிந்தவருக்கு அந்த வசதி கிடையாது. ஒன்றை வலுவாக்கும்போது அடுத்து எது முறியும் என்று கேட்கும் கடமை அவர்மேல் விழுகிறது, அது முறியும்போது அருகில் யார் இருப்பார்கள் என்று கேட்கும் கடமையும் சேர்ந்து விழுகிறது. பொறுப்பு கரைவதில்லை, அகலமாகிறது. மலைச்சரிவில் பின்சக்கரம் கழன்ற வண்டிக்குக் கீழே இன்னொரு குடும்பத்தின் வண்டி ஏறிவரலாம் என்பதை நினைத்தால் இது வெறும் தர்க்கமாக இருக்காது.

ஆகவே பழைய வண்டிக்குப் புது அச்சு போட நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கைகளை முழுதாக வெல்டிங் செய்யும் முன் வண்டியை அதன் சொந்த எடையில் உட்காரவிடுங்கள். முன்அச்சின் விகிதத்தையும் பிரேக்கின் பங்கீட்டையும் சரிபார்க்காமல் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எவ்வளவு தடித்த அச்சைப் பூட்டினாலும் கதவோரச் சீட்டிலுள்ள மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. அந்த எண்ணுக்குள்ளேயே ஏற்றுங்கள்.